வீட்டைப் பார்த்துப் படுத்த நாய்

ஆட்டின் விலாவில் இரண்டு விரலை வைத்தால் போதும், அதன் தோல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன். உரிக்க வேண்டியதில்லை. மேய்ந்துகொண்டிருக்கிற ஆட்டின் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, லேசாக இழுத்து, விட்டுவிடுவேன். அது திரும்பிப் போய் ஒட்டுகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். உண்ணி தின்ற தோலா, அம்மை கண்ட தோலா, வேலிமுள் கிழித்து ஆறின தோலா, எதுவும் மறையாது. ஆம்பூர் தோல் மண்டியில் என் விரல் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது. உள்ளூர் வியாபாரி முதல் ஆந்திராக்காரன் வரை என் விரலைப் பார்த்துத்தான் விலை பேசினார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவே சொன்னாலும் தப்பில்லை. உழைத்துச் சேர்த்த பெருமை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலையில் சேர்ந்தேன். மேஸ்திரி வந்தால் கை கட்டி நிற்க வேண்டும். முதலாளி வந்தால் மேஸ்திரியும் கை கட்டுவார். சுண்ணாம்பு தின்ற கை அது. கட்டினால் அக்குளில் எரியும். எரிந்தாலும் அவிழ்க்கக் கூடாது, பேசி முடித்துவிட்டு அவர்கள் நகர்கிற வரை. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு சீட்டு முழுக்க எனக்கே என்று நானும் காலை நீட்டிக்கொள்வேன்.

அங்கிருந்து உப்புத் தோல் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனேன். தூக்கினவன் தரம் பிரித்தேன். பிரித்தவன், என்னோடு மூட்டை தூக்கின ஒரு பாயோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகவே மண்டி போட்டேன். மண்டி திறந்த அன்று மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன். இனி இந்தக் கை யார் முன்னாலும் கட்டாது. அப்படியே இருந்தேன். பேங்க் மேனேஜர் முன்னாலும் சரி, போலீஸ் ஸ்டேஷனிலும் சரி, என் கை தொங்கித்தான் இருந்தது. சாமி முன்னால் கும்பிடுவேன். கட்டமாட்டேன்.

மண்டியைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு மாதனூருக்கு உள்ளே, மலையடிவாரத்தில் நிலம் வாங்கி ஆடு வளர்க்க வந்தபோது இதெல்லாம் எனக்கு உதவும் என்று நினைத்தேன். இத்தனை காலம் ஆட்டைத் தொட்டுப் பிழைத்தவனுக்கு ஆடு வளர்க்கத் தெரியாதா? ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் வேறு மாதிரி நினைத்தார். அவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஆடு வைத்திருப்பவர். நான் கொட்டகை போட்டு, தரையைப் பலகையால் உயர்த்தி, தகரக் கூரை மாட்டி, முதல் லோடு ஆடுகளை இறக்கின அன்றைக்கு வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னா மண்டிக்காரரே, உசுரோட ஆட்ட பாத்து ரொம்ப நாளாச்சோ?"

"ஏன், எனக்கு ஆடு தெரியாதா?"

"தெரியும். செத்த ஆடு தெரியும். அதுக்கப்புறம்தான உன்கிட்ட வரும்."

கூட நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். டீக்கடைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய்விட்டது. "செத்த ஆடு தெரிஞ்சவர் வந்துட்டாரு, டீ போடுப்பா" என்றான் கடைக்காரன். அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த மந்தையை வளர்த்துக் காட்டாமல் விடுவதில்லை. ஒரு ஆடு குறைந்தாலும் அந்தச் சிரிப்பு இன்னொரு சுற்று வரும் என்று எனக்குத் தெரியும்.

குறைந்தது. ஒன்றல்ல, குட்டிகளாகக் குறைந்தது.

நரி, சிறுத்தை என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். வந்தவை தெருநாய்கள். பைபாஸ் ஓரம் வரிசையாகப் பிரியாணிக் கடை. எலும்பும் கொழுப்பும் மூட்டை மூட்டையாக ஓடையில் வந்து விழுகிறது. கறிக்கடைக் கழிவு, தோலில் வழித்த ஜவ்வு, எல்லாம் அங்கேதான். அதைத் தின்று வளர்ந்த நாய்களுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி கறி கேட்கிற நாக்கு. கடை லீவு விட்டால் கூட்டமாகக் கிளம்பிவிடும். கம்பெனி பஸ் வந்து பெண்களையெல்லாம் ஷூ கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகு ஊரே வெறிச்சென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில் வரும். பசிக்குக் கொன்றால் ஒன்றோடு போகும். இவை விளையாட்டுக்குக் கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். செம்பட்டை நிறத்தில் வால் அறுந்த ஒன்று, அதுதான் முன்னால் வரும்.

பஞ்சாயத்தில் போய்ச் சொன்னேன். "புடிச்சி, ஆபரேஷன் பண்ணி, புடிச்ச எடத்துலயே வுடணும்ங்க, அதான் சட்டம்" என்றார்கள். "ஆபரேஷன் பண்ணா பல்லு விழுந்துடுமா?" என்று கேட்டேன்.

செத்துக் கிடந்த குட்டிகளை நான் உரித்து உப்புத் தடவி வைத்தேன். தொழில்காரன் கண் முன்னால் தோல் அழுகக் கூடாது. அதை வரப்பிலிருந்து பார்த்த பக்கத்து நிலத்துக்காரர், "இப்பதான் தெரிஞ்ச வேலைக்கு வந்திருக்காரு" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

தோல் வாங்க ஆந்திராப் பக்கம் போகிற நாட்களில் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். அங்கே கிடை போடுகிற ஆட்டுக்காரர்கள் நாயைத் தனியாக வளர்ப்பதில்லை. கண் திறக்காத குட்டியை ஆட்டின் மடியிலேயே விட்டுவிடுவார்கள். ஆட்டுப் பால் குடித்து, ஆட்டோடு ஒட்டிப் படுத்து வளர்கிற நாய் ஆட்டைத்தான் தன் சாதி என்று நினைக்கும். நாயைக் கண்டால் அதற்கு ஆகாது. கயிறு, சங்கிலி எதுவும் இல்லாமல் மந்தைக்கு நடுவிலேயே கிடக்கும். அப்போது வேடிக்கையாகப் பார்த்தேன். இப்போது ஞாபகம் வந்தது.

என் மண்டியில் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. தோலிலிருந்து வெட்டிப் போடுகிற காது, வால் நுனி, இதைத் தின்றே வாழ்கிற தெருநாய். அதன் குட்டிகளில் கெட்டியான எலும்பாக ஒன்றைப் பொறுக்கி, பனியனுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். வரப்பில் பக்கத்து நிலத்துக்காரர் இருந்தார்.

"திருடன் பெத்த புள்ளையவே காவலுக்கு வெக்கிறியா?"

"திருடனுக்குத்தான் திருடன் வர்ற வழி தெரியும். நீ பாரு" என்றேன்.

அந்த வாரம் எங்கள் கறுப்பு ஆடு, காதில் வெள்ளை விழுந்தது, அதன் ஒற்றைக் குட்டி செத்துப் பிறந்தது. மடியில் பால் கட்டிக்கொண்டு கத்தியது. நாய்க்குட்டியைக் கிட்டே கொண்டு போனால் முட்டித் தள்ளியது. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசு முன்னால் நிறுத்திப் பால் கறப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதையே செய்தேன். செத்த குட்டியை உரித்தேன். தோலைச் சட்டை மாதிரி வெட்டி நாய்க்குட்டிக்குப் போர்த்திக் கயிற்றால் கட்டினேன். இங்கேதான் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. தோல் என்று கையில் ஒன்று வந்தால் உப்பு அள்ளித் தேய்ப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசிக்கவேயில்லை. ஓரம், கழுத்து, கால் மடிப்பு எல்லாம் அழுத்தித் தேய்த்து முடித்த பிறகுதான் பார்க்கிறேன், உப்பு போட்ட தோலுக்குள் நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டிருக்கிறது.

என் பொண்டாட்டி வாசலில் நின்று பார்த்தவள், "இன்னாய்யா பண்ற? நாய்க்கு உப்பா? ஊறுகா போடப் போறியா?" என்றாள்.

தாய்க்கு வாசனைதான் முக்கியம், உப்பில் அது போய்விடும், வேலை கெட்டது என்று நானும் நினைத்தேன். சரி, ஆனது ஆச்சு என்று குட்டியைக் கொட்டகையில் விட்டேன். கறுப்பு ஆடு வந்து மோந்தது. முட்டத் தலையைக் குனிந்தது. குனிந்தது அப்படியே நக்க ஆரம்பித்தது. ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். முதுகை நக்கி, வயிற்றை நக்கி, புரட்டிப் போட்டு நக்கியது. நக்க நக்கக் குட்டி நகர்ந்து நகர்ந்து மடிக்குப் போய்ச் சேர்ந்தது. காம்பைப் பிடித்தது. ஆடு ஒரு காலைத் தூக்கி, யோசித்து, கீழே வைத்தது.

அந்தத் தோல் காய்ந்து விறைத்ததும் கழற்றிப் போட்டேன். அதற்குள் ஆடு நாய்க்குட்டியைத் தன் குட்டியாக எடுத்துக்கொண்டுவிட்டது. வேறு எவன் செய்திருந்தாலும் வெறும் தோலைப் போர்த்தி வேலையைக் கெடுத்திருப்பான். தப்பு செய்தாலும் என் கை சரியாகத்தான் செய்யும்.

நாய்க்குப் பெயர் வைக்கவில்லை. ஆட்டுக்குப் பெயர் வைக்கிறோமா? அதுவும் ஆடு மாதிரிதான் வளர்ந்தது. குட்டிகளோடு குதித்தது. கொட்டகை வாசலில் ரோட்டைப் பார்த்து, மலையைப் பார்த்து, எப்போதும் வெளியே பார்த்துத்தான் படுக்கும். முதுகு ஆடுகள் பக்கம், முகம் உலகத்தின் பக்கம். கறுப்பு ஆடு வந்து அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு அசை போடும்.

ஒரு வெயில் நேரத்தில் வால் அறுந்தது தன் கூட்டத்தோடு வந்தது. நான் வீட்டு வாசலில் கட்டிலில் இருந்தேன். எழுந்து தடியை எடுப்பதற்குள் எங்கள் நாய் போய்விட்டது. குரைக்கவில்லை. குரைக்கிற நாய் பயந்த நாய். இது சும்மா போய் அந்தச் செம்பட்டையின் கழுத்தைப் பிடித்தது. மற்றவை சுற்றி நின்று கடித்தன. காது கிழிந்தது, தொடைச் சதை தொங்கியது, விடவில்லை. செம்பட்டை கத்திக்கொண்டு ஓடையில் இறங்கி ஓடியது. மற்றவை அதன் பின்னால். எங்கள் நாய் திரும்பி வந்து வாசலில் படுத்துக் காயத்தை நக்கியது. கறுப்பு ஆடும் சேர்ந்து நக்கியது.

அதற்குப் பிறகு ஒரு குட்டியும் போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லார் ஆடும் போனது, என் ஆடு போகவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். பஸ்ஸில் விட்ட இடம் வேறு, இது வேறு. பக்கத்து நிலத்துக்காரரே ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"உன் நாய் குட்டி போட வெக்குமா?"

"இன்னாத்துக்கு?"

"ஒண்ணு குடேன். எனக்கு தொல்ல ஜாஸ்தியா கீது."

"நாய் குடுக்கறேன். உப்பு தடவத் தெரியுமா உனக்கு?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் சம்பாதித்ததில் அந்த மௌனமும் ஒன்று.

ஒரே ஒரு விஷயம். நான் கொட்டகைக்குள் போனால் கை சும்மா இருக்காது. போகிற வழியில் நிற்கிற ஆட்டின் விலாவைப் பிடித்து இழுத்து விடுவேன். அப்போதெல்லாம் நாய் தொண்டைக்குள் உறுமும். சின்னதாக, மழைக்கு முன்னால் தூரத்தில் இடிக்கிற மாதிரி. "போடா, என் ஆடு" என்பேன். அடங்கிவிடும். ஆனால் என் விரலையே பார்க்கும்.

பக்ரீத் நெருங்கியது. எல்லா வருஷமும் பாய்க்கு ஆடு பொறுக்கிக் கொடுப்பவன் நான். அந்த வருஷம் முதல் தடவையாக என் சொந்த மந்தையிலிருந்து கொடுக்கப் போகிறேன். பாய் என்றால் சாதாரண சிநேகம் இல்லை. ஒரே மூட்டையை முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கினவர்கள் நாங்கள். மண்டியில் பாதி அவர் கை, பாதி என் கை. வெள்ளை ஜிப்பாவோடு வந்து இறங்கினார்.

"இன்னா தோஸ்த், மண்டிய வுட்டு மந்தைக்கு வந்துட்ட. ஆளே கறுத்துட்டியே!"

"உள்ள வாங்க பாய். தோலப் பாத்து மயங்கிடுவீங்க."

அவரும் தோல்காரர்தானே. கொட்டகைக்குள் வந்ததும் அவர் கை தானாக ஒரு கிடாவின் விலாவுக்குப் போனது. பிடித்து இழுத்தார். "ஒண்ணாம் நம்பர் தோல்..." என்று வாயெடுத்தார். முடிக்கவில்லை. நாய் அவர் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. பல் இறங்கி ஜிப்பாக் கை சிவந்தது. நான் தடியால் ஒரு போடு போட்ட பிறகுதான் விட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். அவ்வளவு வலியிலும் பாய்க்கு வாய் ஓயவில்லை. "இத்தினி வருஷம் தோலப் புடிச்ச கை. இன்னிக்கு என் தோல ஒருத்தன் புடிச்சிப் பாத்துட்டான். நம்பர் இன்னான்னு கேட்டியா?" என்றார்.

"அத அடிச்சே கொல்றேன் பாய்."

"எதுக்கு? நீ அதுக்கு வேலை குடுத்த, அது செஞ்சிடுச்சி. என்ன பாத்தா ஆட்ட தூக்க வந்தவன் மாதிரி கீது அதுக்கு. தூக்கத்தான வந்தேன்?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு கேளு. வளக்கறதுன்னா அந்த நாய வெச்சிக்கோ. விக்கறதுன்னா அத ஓட்டிடு. ரெண்டும் ஒண்ணா ஆவாது."

அந்த வருஷம் அவர் வேறு இடத்தில் ஆடு பிடித்துக்கொண்டார். "உனக்கு எதுக்குப்பா பேஜார்" என்று போனில் சொன்னார். என் கை பொறுக்காத ஆடு அவர் வீட்டில் வெட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சில் தைத்தது.

ஓட்டுவதாவது. நாயை ஓட்டினால் வால் அறுந்தது மறுநாள் வந்து நிற்கும். அதற்காக ஆட்டை விற்காமல் அழகு பார்ப்பதா? விற்காத ஆட்டுக்கு ஆட்டுப்பண்ணை என்று பெயரா? நான் ரெண்டையும் செய்து காட்டுகிறேன் என்று முடிவெடுத்தேன். என்னால் முடியாதது என்று எதை யார் சொன்னாலும் அதைச் செய்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

வேறு வியாபாரியை வரச் சொன்னேன். காலையிலேயே நாயை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். அதன் கழுத்தில் சங்கிலி விழுந்தது அதுதான் முதல் தடவை. டாட்டா ஏஸ் வண்டி வந்தது. வியாபாரியின் ஆட்கள் நாயைப் பார்த்துக் கொட்டகைக்குள் வரத் தயங்கினார்கள். "கட்டிதான கீது, பயந்தாங்கொள்ளிங்களா" என்று நானே இறங்கினேன். ஒவ்வொரு கிடாவாக விலாவைப் பிடித்துப் பார்த்து, காதைப் பிடித்து இழுத்து, நானே வண்டியில் ஏற்றினேன். நாய் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து மயிர் எல்லாம் போனது. அன்றைக்குத்தான் அது குரைத்துக் கேட்டேன். குரைப்பது அதற்குச் சரியாக வரவில்லை. பழக்கமில்லாத குரல்.

வண்டியில் இன்னும் ஒரு ஆட்டுக்கு இடம் இருந்தது. கறுப்பு ஆடு சினை பிடிப்பதை நிறுத்தியிருந்தது. அதையும் ஏற்றினேன்.

"அது வேணாய்யா" என்றாள் பொண்டாட்டி. "அத பாத்துட்டே கீது."

"எது?"

"உனுக்குத் தெரியும் எதுன்னு."

"சினை நின்ன ஆட்ட வெச்சி இன்னா பண்றது? தொழில்ல பாசம் பாத்திருந்தா நான் இன்னும் சுண்ணாம்புக் குழியிலதான் நின்னுட்டிருப்பேன்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் கேட்கிறேன். ஆடு வைத்திருக்கிற எவனும் செய்வதுதான். பக்கத்து நிலத்துக்காரரைக் கேளுங்கள், அவர் பாட்டனைக் கேளுங்கள். அவர்கள் நாய் எதுவும் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை.

வண்டி போய் வெகுநேரம் கழித்துச் சங்கிலியை அவிழ்த்தேன். பாயும் என்று கையில் தடியோடுதான் அவிழ்த்தேன். பாயவில்லை. வண்டி போன வழியில் ரோடு வரை போய் மோந்துவிட்டு வந்தது. கொட்டகைக்குள் போய் மிச்சமிருந்த ஆடுகளை ஒரு சுற்று சுற்றியது. கறுப்பு ஆடு படுக்கிற இடத்தில் நின்றது. பிறகு கொட்டகை வாசலுக்கு வந்து படுத்தது.

படுத்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோ மாறியிருக்கிறது என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் கட்டிலில் உட்கார்ந்தால் அதன் வால் பக்கம்தான் எனக்குத் தெரியும். இப்போது முகம் தெரிந்தது. ரோட்டையும் மலையையும் விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

ஒருநாள் இருக்கும், போய்விடும் என்று விட்டேன். போகவில்லை. நான் எழுந்தால் எழும். நான் உட்கார்ந்தால் தலையைத் தரையில் வைக்கும், கண்ணை மூடாது. நான் போட்ட சோற்றைத் தின்றது. தின்றுகொண்டே என்னைப் பார்த்தது. கொட்டகைக்குள் போய் ஆட்டின் விலாவில் கை வைத்தால் உறுமல் இல்லை, நேராக என் மணிக்கட்டைக் கவ்வியது. கடிக்கவில்லை. பல் தோலில் படும், இறங்காது. நான் ஆட்டைப் பிடிக்கிற அதே அழுத்தத்தில் என்னைப் பிடித்தது. நான் கையை எடுத்தால் அதுவும் விடும்.

சோறு போட்டவன் நான். பனியனுக்குள் போட்டு எடுத்து வந்தவன் நான். அது குடித்த பால் என் ஆட்டின் பால், போர்த்தின தோல் என் ஆட்டின் தோல், தடவின உப்பு என் மண்டி உப்பு. யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியான நேரம். புதிதாக வளர்ந்த ஒரு கிடா, நல்ல தேன் நிறம், உரோமம் மின்னுகிறது. உள்ளே போய்ப் பிடித்தேன். நாய் வந்து என் கையைப் பிடித்தது. வழக்கமாக நான் விட்டுவிடுவேன். அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் நிலம், என் கொட்டகை, என் ஆடு. எதற்கு விட வேண்டும்?

"விடுடா" என்றேன்.

அது என் முகத்தைப் பார்த்தது. விடவில்லை. நானும் கிடாவின் தோலை விடவில்லை.

அந்த நேரம் கொட்டகையின் பின்பக்கம், ஓடைப் பக்கத்தில், ஒரு குட்டி வீலென்று கத்தியது. அடுத்து இன்னொன்று. பின்பக்கத் தட்டி பிளக்கிற சத்தம். என்னவென்று எனக்கும் தெரியும், அதற்கும் தெரியும். அதன் காது ரெண்டும் பின்பக்கம் திரும்பிவிட்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. பல் மட்டும் என் கையில் அப்படியே இருந்தது. கண் என் விரலில் இருந்தது. நான் விட்டால் அது ஓடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. இருந்தும் எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். குட்டிகளுக்கு அது ஜாஸ்தி.

என் விரல் வலுவிழந்து கிடா திமிறிக்கொண்டது. அந்தக் கணமே நாய் என்னை விட்டுப் பாய்ந்தது. பின்னால் போய்ப் பார்த்தபோது செம்பட்டையும் அதன் கூட்டமும் ஓடையில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் நாய் துரத்திக்கொண்டு போகவில்லை. கீழே கிடந்தவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக மோந்து, மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. எழுந்திருக்கச் சொல்கிற மாதிரி.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தாண்டி வந்திருந்தார். தட்டியின் சந்து வழியாக நானும் நாயும் நின்ற நிலையைப் பார்த்திருக்கிறார். அந்தப் பழைய செத்த ஆட்டுப் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுத்திருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும், திருப்பிக் கொடுக்க வாய் இருக்கிறது. அவர் செத்த குட்டிகளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என் மணிக்கட்டில் எச்சில் ஈரத்தோடு பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்தார்.

"கைய எடுத்திருந்தா அப்பவே ஓடியாந்திருக்கும் இல்ல?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் மண்வெட்டியை எடுக்கப் போனேன்.

அந்தக் குட்டிகளை நான் உரிக்கவில்லை. அவரும் நானும் குழி வெட்டிப் புதைத்தோம். மண் போடும்போது, "உப்பு வேணாமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது என் மந்தை நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் குறையவில்லை. யார் வந்து கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்கிறேன், அது பொய்யும் இல்லை. விற்பனையை மட்டும் என் பொண்டாட்டி பார்த்துக்கொள்கிறாள். வியாபாரி வந்தால் என்னை உள்ளே போகச் சொல்வாள். கையில் ஒரு கொத்து அகத்திக் கீரையை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று கூப்பிடுவாள். விற்க வேண்டிய ஆடுகள் தானாக அவள் பின்னாலேயே கேட் வரைக்கும் போகும். காதைப் பிடிக்க வேண்டாம், விலாவைத் தொட வேண்டாம். நாயும் கூடவே கேட் வரைக்கும் நடந்து, நின்று, திரும்பிவிடும். மேய்ச்சலுக்குப் போகிறது என்று நினைக்கிறதோ என்னவோ. சன்னல் வழியாக நான் பார்ப்பேன். அவள் விலை பேசுகிற முறை சரியில்லை, தோலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அங்கிருந்து கத்தவும் முடியாது, என் குரல் கேட்டால் நாய் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடும்.

பாய் போன் செய்தால் முதலில் நாயைத்தான் விசாரிக்கிறார். "எப்பிடி கீறாரு உங்க மேனேஜரு?" என்பார். அவர் கையில் தழும்பு இருக்கிறது. எனக்குத் தழும்பு கூட இல்லை.

காலையில் ஆடுகளைப் பார்க்க ஒரு நடை கொட்டகைக்குள் போவேன். வாசலில் நாய் எழுந்து நிற்கும். நான் ரெண்டு கையையும் மடக்கி, அக்குளில் செருகி, மார்போடு கட்டிக்கொள்வேன். அது என் கைகளைப் பார்க்கும். விரல் எதுவும் வெளியே தெரியவில்லை என்று நிச்சயமானதும் மெல்லத் திரும்பி, ரோட்டைப் பார்த்துப் படுக்கும். நான் உள்ளே போய், ஒரு சுற்று சுற்றி, எதையும் தொடாமல் வெளியே வருகிற வரை கையை அவிழ்ப்பதில்லை.